மோட்டார் லாரியில் நீங்காத 'மிஸ்ஸிங்': காரணம் காணும் முறை

சாலை வசதி குறைந்த இடங்களில் பணியாற்றும் கள ஊழியர்களுக்கு மோட்டார் லாரி வெறும் ஊர்தி மட்டுமன்று. கூடாரம், கருவிகள், குடிநீர் ஆகிய யாவும் அதனை நம்பியே உள்ளன. வண்டி அடியோடு நின்றுவிட்டால் அதன் பழுதைக் கண்டறிவது பெரும்பாலும் எளிது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே திணறி, மறுகணம் சீரடைந்து, பட்டறைக்குக் கொண்டு சென்றதும் யாதொரு குறையுமின்றி ஓடும் வண்டியே பெருந்தொல்லை தருவதாகும். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இக்குறையை 'மிஸ்ஸிங்' என்பர். சிலிண்டருக்குள் புகுந்த பெட்ரோல் கலவை எரிய வேண்டிய தருணத்தில் எரியாமல் போவதே அது.

இத்தகைய குறை வண்டியின் மனம்போன போக்கு அன்று. ஒவ்வொரு முறையும் ஒரே காரணத்தினால், ஒரே வகையான நிலைமையில் அது தோன்றுகிறது. அந்த நிலைமையைத் திட்டமாக அறிந்துகொண்டால் காரணத்தை நெருங்கிவிடலாம். அதனை அறியாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பணம் செலவாவதுடன், துப்புத் துலக்க உதவும் சான்றுகளும் அழிந்துபோகும்.

எரிதலுக்கு வேண்டியவை

பெட்ரோல் எஞ்சினில் எரிதல் செவ்வனே நிகழ மூன்று தேவைகள் உள்ளன: தகுந்த விகிதத்தில் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையைக் கசிவின்றி அழுத்தும் சிலிண்டர், குறித்த கணத்தில் வலிமை வாய்ந்த தீப்பொறி. ஆறு சிலிண்டர்கள் கொண்ட ஃபோர் ஸ்டிரோக் எஞ்சின் நிமிடத்திற்கு 2,400 முறை சுழலும்போது நிமிடத்திற்கு 7,200 தீப்பொறிகள், அதாவது நொடிக்கு 120 தீப்பொறிகள் தேவைப்படுகின்றன. இவற்றுள் சில தவறினாலும் வண்டி குலுங்குவதை உணரலாம்.

பழைய லாரிகளில் இத்தனை தீப்பொறிகளையும் ஒரே காயில் உண்டாக்குகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதன் அடிப்படை. டிஸ்டிரிபியூட்டரிலுள்ள கான்டாக்ட் பாயிண்டுகள் சேர்ந்திருக்கும்போது பாட்டரியின் மின்னோட்டம் காயிலின் முதற்சுருளில் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்டுகள் பிரியும் கணத்தில் அப்புலம் சரிகிறது. அதனால் இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுந்து பிளக்கின் இடைவெளியில் தீப்பொறியாகப் பாய்கிறது. பாயிண்டுகள் பொறி பறந்து கருகாதபடியும், காந்தப் புலம் விரைந்து சரியும்படியும் கண்டென்சர் உதவுகிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த ஏற்பாடு 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னர்ப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பெட்ரோல் வண்டிகளில் நிலைபெற்றிருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

மலைப்பகுதியில் கள ஆய்வுக் குழுவொன்றுக்கு உழைக்கும் பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் மிஸ்ஸிங் தோன்றுகிறது. பட்டறையில் ஆறு பிளக்குகளும் மாற்றப்படுகின்றன, குறை நீங்கவில்லை. அடுத்துக் காயில், கண்டென்சர், பாயிண்டுகள் ஆகியவை மாற்றப்படுகின்றன. கார்புரேட்டரும் கழற்றித் துடைக்கப்படுகிறது. பட்டறை வாசலில் எஞ்சின் சீராக முழங்குகிறது. ஆனால் வண்டி பத்துக் கிலோமீட்டர் செல்வதற்குள் பழைய குலுக்கல் மீண்டும் வந்துவிடுகிறது.

ஓட்டுநர் தொடக்கத்திலிருந்தே ஒன்றைச் சொல்லி வருகிறார்: "மேட்டில் ஏறும்போது வண்டி நன்றாக இழுக்கிறது. சமதளத்தில் மிதமான வேகத்தில் போகும்போதுதான் வெட்டி வெட்டி ஓடுகிறது." பட்டறையில் இச்சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தீப்பொறி வலுக்குறைந்த எஞ்சின் வழக்கமாக மேட்டில்தான் திணறும். ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை மிகுதியாகப் புகுகிறது, அழுத்தம் உயர்கிறது. வாயுவின் அழுத்தம் உயர உயர அதனூடே பொறி பாய்வதற்கு அதிக வோல்ட் வேண்டும். ஃப்ரீட்ரிக் பாஷன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1889-இல் ஆராய்ந்து வெளியிட்ட விதியிலிருந்து இது விளங்கும். ஆகவே ஓட்டுநரின் சொல் அனுபவத்திற்கு முரணாகத் தோன்றியது.

எதிர்பார்ப்புக்கு முரணான செய்தியே ஆராய்ச்சியில் பெரிதும் மதிக்கத்தக்கது. மேட்டில் குறை இல்லை என்பது உண்மையானால், வலுக்குறைந்த காயில், தேய்ந்த பிளக்கு ஆகியவற்றின்மீது கொண்ட ஐயம் அங்கேயே பெரிதும் தளர்ந்துவிடுகிறது. அவற்றை மாற்றிய செலவையும் தவிர்த்திருக்கலாம்.

குறையைப் பகுத்தறிதல்

முதலாவதாக, குறை ஒரு சிலிண்டருக்கு மட்டும் உரியதா, எல்லாவற்றிற்கும் பொதுவானதா என்று காண வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, காப்பிட்ட கைப்பிடியுள்ள ஸ்குரூடிரைவரின் தண்டினை முதலில் எஞ்சினின் உலோகப் பகுதியில் ஊன்றி, பின்னர் அதன் மேற்பகுதியைப் பிளக்கின் முனையில் சாய்த்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது நிற்கும். ஒவ்வொரு பிளக்கிலும் இவ்வாறு செய்யும்போது எஞ்சினின் வேகம் சம அளவில் குறைந்தால் ஆறு சிலிண்டர்களும் நன்கு உழைக்கின்றன என்று பொருள். வேகம் குறையாத சிலிண்டரே பழுதுள்ளது. எடுத்துக்காட்டில் கூறிய லாரியில் ஆறும் சமமாகவே உள்ளன. சாலையிலும் குலுக்கல் ஒழுங்கான தாளமின்றி வருகிறது. ஆகவே குறை எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, குறை பெட்ரோலைப் பற்றியதா, மின்சாரத்தைப் பற்றியதா என்று ஆராய வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் பொதுவாக மெல்ல மெல்லத் தளர்ந்து மெல்ல மீளும். மின்சாரம் அறுந்தால் கத்தியால் வெட்டினாற்போல் நின்று உடனே மீளும். எரியாத கலவை சைலன்ஸரில் சென்று வெடிப்பதும் உண்டு. எனினும் பெட்ரோலை எளிதில் விட்டுவிடலாகாது. மிதமான வேகத்தில் கார்புரேட்டர் சிக்கனத்திற்காகப் பெட்ரோல் குறைந்த கலவையைத் தருகிறது. முழு ஆக்ஸிலேட்டரில் அடர்ந்த கலவையைத் தருகிறது. ஆகவே மெயின் ஜெட் ஓரளவு அடைபட்டிருந்தாலும் சமதளத்தில் குறை தோன்றி மேட்டில் மறையக்கூடும். இதனைச் சோதிக்கச் செலவு ஏதுமில்லை. குறை தோன்றும்போது சோக்கைச் சிறிதளவு இழுத்தால் கலவை அடர்த்தி பெறும். குலுக்கல் தணிந்தால் பழுது பெட்ரோல் வழியில் உள்ளது. இந்த லாரியில் சோக்கை இழுத்தும் குலுக்கல் தணியவில்லை.

அசையும் தட்டு

மிதமான வேகத்தில் மட்டும் டிஸ்டிரிபியூட்டரில் நிகழும் மாறுதல் யாது என்பதே எஞ்சிய கேள்வி. அதற்கு விடை உண்டு. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிவதால் அதற்குத் தீப்பொறி சற்று முன்னதாகவே கிடைக்க வேண்டும். இதன்பொருட்டுக் கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்திலுள்ள டயாபிரம் என்னும் சவ்விற்குச் செல்கிறது. மிதமான வேகத்தில் அக்குழாயில் உண்டாகும் உறிஞ்சுவிசை சவ்வை இழுக்க, பாயிண்டுகள் பொருத்திய தட்டு சில பாகைகள் திரும்புகிறது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் உறிஞ்சுவிசை குறைந்து தட்டு பழைய நிலைக்கு மீள்கிறது. எஞ்சின் நின்றவாறு மெதுவாக ஓடும்போது, இவ்வகைக் கார்புரேட்டரில் குழாயின் வாய் திராட்டில் தகட்டிற்கு மேலே அமைவதால், தட்டு அசைவதில்லை. பட்டறை வாசலில் குறை தென்படாததன் காரணமும் இதுவே.

பாயிண்டுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் சிறிய ஒயர், தட்டு திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிறது. பல்லாண்டு உழைப்பில் அதனுள்ளிருக்கும் நுண்ணிய செப்பிழைகள் அறுந்துபோகலாம். மேலுறை மட்டும் முழுமையாக இருக்கும். தட்டு ஒரு நிலையில் நிற்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும்; மறு நிலையில் பிரியும். கண்ணால் பார்ப்பவருக்கு ஒயர் நல்லதாகவே தோன்றும்.

ஊகத்தை உறுதி செய்தல்

ஊகம் எத்துணைப் பொருத்தமாயினும் சோதனையில் தேறிய பின்னரே அதனை ஏற்க வேண்டும். உறிஞ்சுகுழாயைக் கழற்றி, கார்புரேட்டர் முனையை அடைத்துவிட்டு அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குலுக்கல் அறவே மறைந்தால் பழுது தட்டின் அசைவோடு தொடர்புடையது. சவ்வில் ஓட்டை இருந்தாலும் அவ்வழியே காற்றுப் புகுந்து கலவையைக் கெடுக்கக்கூடும். ஆதலால் டயாபிரத்தின் வாயில் தூய்மையான ரப்பர்க் குழாயைச் செருகி உறிஞ்சிப் பார்க்க வேண்டும். தட்டு திரும்பி, உறிஞ்சலை நிறுத்தி வைத்திருக்கும்வரை அங்கேயே நின்றால் சவ்வு பழுதற்றது.

இறுதிச் சோதனைக்கு ஒரு சிறு விளக்கு போதும். எஞ்சினை நிறுத்தி, பாயிண்டுகள் நன்கு சேர்ந்திருக்கும் நிலைக்குக் கிராங்கைத் திருப்பி, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் விளக்கை இணைத்து, இக்னிஷன் சாவியைத் திருப்ப வேண்டும். ஒயர் நல்லதாயின் மின்னோட்டம் பாயிண்டுகள் வழியே சென்றுவிடும், விளக்கு எரியாது. அந்நிலையில் தட்டைக் கையால் மெல்லத் திருப்ப, விளக்கு மின்னினால் ஒயர் அறுந்தது உறுதி. தட்டினை டிஸ்டிரிபியூட்டர் உடலோடு இணைக்கும் எர்த் ஒயர் அறுந்தாலும் இதே விளைவு தோன்றும். காயில் சூடேறுமாதலால் சோதனை முடிந்ததும் சாவியை மூடிவிட வேண்டும்.

புதிய ஒயர் பல நுண்ணிழைகள் கொண்டு எளிதில் வளைவதாக இருத்தல் அவசியம். விறைப்பான ஒயர் தட்டின் அசைவைத் தடுக்கும். விரைவில் அறுந்தும் போகும். ஒயரை மாற்றி, உறிஞ்சுகுழாயை மீண்டும் இணைத்த பின்னும் குறை தோன்றாதிருந்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். கழற்றி வைத்த பழைய காயிலையும் கண்டென்சரையும் மீண்டும் பொருத்தி ஓட்டிப் பார்ப்பதும் நன்று. வண்டி சீராக ஓடுமாயின் அவை குற்றமற்றவை என்பது தெளிவாகும். மாற்று உறுப்புகளாகவும் பயன்படும்.

பழைய வண்டியும் புதிய எரிபொருளும்

இந்தியாவில் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் எதனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எதனாலில் ஆக்ஸிஜன் உள்ளமையால், தூய பெட்ரோலுக்கென அமைத்த கார்புரேட்டரில் கலவை மேலும் பெட்ரோல் குறைந்ததாகிறது. எதனால் நீரையும் ஈர்க்கும். அதற்கென அமையாத பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் கெடுக்கும். ஆகையால் பழைய வண்டிகளில் மேற்கூறிய சோக் சோதனை முன்னிலும் இன்றியமையாததாகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு இணங்கிய வண்டிகளில் மின்னணுக் கருவி குறையைப் பதிவு செய்து வைக்கிறது. பழைய லாரிக்கு அத்தகைய நினைவு இல்லை. ஓட்டுநரின் கண்ணும் காதுமே அதன் பதிவேடு.

ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும்

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். குறை தோன்றிய வேகம், ஏற்றமா சமதளமா என்பது, எஞ்சின் சூடு, மழை அல்லது வெயில், செய்த மாற்றம், அதன் விளைவு ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றினை ஒருங்கே மாற்றிக் குறை நீங்கினால் எது காரணம் என்று எவராலும் கூற இயலாது. அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறிச் சோதனை செய்தலும் கூடாது.

பள்ளி ஆசிரியர்கள் ஒரு மின்கலம், ஒரு சிறு விளக்கு, உறைக்குள் இழை அறுந்த ஒயர் ஆகியவற்றைக் கொண்டே இப்பாடத்தை வகுப்பில் காட்டலாம். ஒயரை வளைக்கும்போது விளக்கு அணைவதைக் கண்டு, பழுது எங்கே என மாணவர் தாமே தேடுவர். ஒவ்வொரு ஊகத்தையும் சொல்லும் முன், அதனைப் பொய்யாக்கக்கூடிய சோதனை எது என்று அவர்களைக் கேட்பது பயன் தரும்.