இரண்டு அலகுகளுக்கு நடுவே ஒரு சொல்

ஐரோப்பிய வரலாற்றில் மறுமலர்ச்சி ஓர் அலகு. மதச் சீர்திருத்தம் இன்னோர் அலகு. முதலாவதற்கு லியனார்டோ டாவின்சி, மைக்கல் ஆஞ்சலோ. இரண்டாவதற்கு மார்ட்டின் லூதர். உயர்தர வகுப்பில் இரண்டுக்கும் தனித்தனியே காரணங்களைப் பட்டியலிட்டு மனனம் செய்தேன். லூதர் 1517இல் தமது 95 கூற்றுக்களை எழுதியபோது மைக்கல் ஆஞ்சலோவுக்கு 42 வயது, லியனார்டோவும் உயிரோடு இருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அப்படியானால் இவை அடுத்தடுத்த கதைகள் அல்ல. இரண்டையும் இணைப்பது எது என்று தேடப் போனபோது அகப்பட்டது ஒரே ஒரு சொல்.

மறுமலர்ச்சி என்றதும் ஓவியங்களும் சிலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அக்காலத்து மானிடவாதிகளின் முதல் வேலை வாசிப்பது. பழைய நூல்களைத் தேடி எடுத்து, அவற்றின் மூலமொழியிலேயே வாசிப்பது. உதுமானியர் 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றியதால் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடிவந்தனர் என்றே நாம் எழுதிப் பழகியிருக்கிறோம். உண்மையில் மனுவேல் கிறிசோலோராஸ் என்ற அறிஞர் 1397இலேயே புளோரன்ஸ் நகரில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். அரிஸ்டோட்டிலுக்கு இபுனு ருஷ்த் எழுதிய விளக்கவுரைகள் அதற்கும் முன்பே இலத்தீனில் படிக்கப்பட்டு வந்தன. இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. ஆனால் மானிடவாதிகள் பலர் அந்த அரபு வழியைத் தாண்டி நேரே கிரேக்க மூலத்துக்குப் போகவே ஆசைப்பட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களில் ஒருவர் லொரென்சோ வல்லா. கொன்ஸ்தந்தைன் பேரரசர் மேற்கு உலகின் ஆட்சியைப் பாப்பரசருக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆவணம், போலியானது என்று அவர் 1440இல் நிறுவினார். அதிலுள்ள இலத்தீன் சொற்கள் அந்தப் பேரரசரின் காலத்துக்கு உரியவை அல்ல என்பதே அவரது முக்கிய சான்று. அதே கண்ணோடு அவர் பைபிளையும் பார்த்தார். மேற்கு ஐரோப்பா ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஓதிவந்தது இலத்தீன் மொழிபெயர்ப்பை. புதிய ஏற்பாட்டின் மூலம் கிரேக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது சில இடங்கள் இடறின.

அவற்றுள் ஒன்று, ஈஸா நபி மக்களை நோக்கி விடுத்ததாக மத்தேயு சுவிசேஷத்தில் வரும் அழைப்பு. இலத்தீன் சொற்றொடரைப் 'பரிகாரம் செய்யுங்கள்' என்று விளங்கிக்கொண்டிருந்தார்கள். மதகுருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் தண்டனையை நிறைவேற்றுவதோடு அது இணைந்திருந்தது. கிரேக்கச் சொல்லோ மனம் மாறுவதைக் குறிப்பது. எராஸ்மஸ் 1516இல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, தமது குறிப்புகளில் இந்த வேறுபாட்டையும் எடுத்துக்காட்டினார். அந்த நூலை அவர் காணிக்கையாக்கியது பத்தாம் லியோ பாப்பரசருக்கு!

இதை வாசித்தபோது எனக்குத் 'தௌபா' என்ற சொல் நினைவுக்கு வந்தது. அதன் மூலப்பொருள் திரும்புதல் என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்திருக்கிறேன். இரு மார்க்கங்களின் போதனைகளும் ஒன்றல்ல. ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமுமல்ல. ஆனால் அரபில் ஓதி, தமிழ்த் தர்ஜமாவைப் பார்த்து, மறுபடி அரபுக்குப் போய்ப் பழகிய எனக்கு, ஒரு சொல்லுக்காக மனிதர்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்பது விளங்கியது.

அந்தச் சொல்லோடு பணமும் சேர்ந்துகொண்டது. உரோமில் புனித பேதுரு ஆலயத்தைப் புதிதாகக் கட்டும் வேலை 1506இல் தொடங்கியிருந்தது. மறுமலர்ச்சியின் மகுடம் என்று நாம் புகழும் அதே கட்டடம்தான். அதற்குப் பணம் திரட்ட பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. திருச்சபையின் போதனைப்படி சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சியிருக்கும் தண்டனையையே நீக்குகிறது. சந்தையில் நின்று வாங்கியவர்களுக்கு இந்த நுணுக்கம் எங்கே தெரியும்? ஜேர்மனியில் வசூலித்த பணத்தில் பாதி, மைன்ஸ் பேராயர் தம் பதவிக்காகப் பட்ட கடனை அடைக்கப் பூகர் வங்கிக்குப் போனது. மக்களுக்கு அதுவும் தெரியாது.

லூதரின் முதலாவது கூற்றே அந்தச் சொல்லைப் பற்றியதுதான். மனந்திரும்புதல் ஒரு சடங்கோடு முடிவதல்ல, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் நீடிப்பது என்பது அதன் சாரம். கிரேக்கம் கற்றவர்களிடமிருந்து அச்சொல்லின் பொருளை அறிந்துகொண்டதாக அடுத்த ஆண்டு ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். அச்சியந்திரம் அவருடைய கருத்துகளை ஜேர்மனி எங்கும் கொண்டுசென்றது. அதே அச்சியந்திரத்தில் 1454இலேயே பாவமன்னிப்புச் சீட்டுகளும் அச்சிடப்பட்டிருந்தன என்பது வேடிக்கை. லூதர் தாம் செய்த ஜேர்மன் மொழிபெயர்ப்புக்கு எராஸ்மஸின் கிரேக்கப் பதிப்பையே பயன்படுத்தி, 1522இல் வெளியிட்டார்.

ஆனால் எராஸ்மஸ் அவரோடு சேரவில்லை. திருச்சபைக்குள் இருந்தபடியே திருத்த விரும்பிய அவர், 1524இல் லூதருக்கு எதிராகவே எழுதினார். திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் பழைய இலத்தீன் பைபிளே அதிகாரபூர்வமானது என்று அறிவித்தது. பிறகு நடந்தவை பரீட்சைக்கு அடிக்கடி வருபவை: 1555இல் அவுக்ஸ்பேர்க் உடன்படிக்கை, 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர். அந்தப் பிளவின் இரு தரப்பும் நமது தீவுக்கும் வந்து சேர்ந்தன. கத்தோலிக்கரான போர்த்துக்கேயரை 1658இல் முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். யோசேப்பு வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வரவேண்டியிருந்தது அதனால்தான்.

இந்தப் பெயர்ப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே என்று உம்மா கேட்டார். தேடினேன், இருக்கிறார். பவேரியாவைச் சேர்ந்த ஆர்குலா வொன் கிரும்பாக். பத்து வயதில் அவருடைய தந்தை அவருக்கு ஜேர்மன் மொழியில் ஒரு பைபிளைப் பரிசளித்தார். லூதருக்கு முன்பே ஜேர்மன் மொழிபெயர்ப்புகள் அச்சில் இருந்தன. ஆனால் அவை இலத்தீனிலிருந்து செய்யப்பட்டவை. ஆர்குலாவுக்கு இலத்தீன் தெரியாது. நான்கு பிள்ளைகளின் தாய். 1523இல் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் லூதரின் கருத்துகளை ஏற்ற ஓர் இளைஞரைச் சிறைவைத்து, அவற்றைக் கைவிடுவதாகச் சொல்ல வைத்தார்கள். ஆர்குலா அந்தப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர் சொன்னதில் எது பிழை என்று வேதத்திலிருந்து காட்டுங்கள், நான் வந்து உங்களோடு வாதிடத் தயார், ஆனால் ஜேர்மனில் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்.

பல்கலைக்கழகம் அவருக்குப் பதில் எழுதவில்லை. அவருடைய கணவர் உத்தியோகத்தை இழந்தார். கடிதமோ அதற்குள் பல நகரங்களில் அச்சாகிவிட்டிருந்தது.