ஆடு மேய்த்துவிட்டு வா, பாடம் காத்திருக்கும்!

பகலெல்லாம் ஆடு மேய்க்கிற பிள்ளை, காலையில் மணியடிக்கிற பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரும்? ‘படிப்பில் அக்கறையில்லாத குடும்பம்’ என்று நாம்தான் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் இருக்கிறது திலோனியா கிராமம். அங்கே 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய ‘வெறுங்கால் கல்லூரி’, பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் நேரத்தை மாற்றியது. ஆடுமாடுகள் வீடு திரும்பிய பிறகு, சூரியசக்தி விளக்கொளியில் இரவுப் பள்ளி. எழுத்தும் கணக்கும் உண்டு. கூடவே நிலத்தை எப்படி அளப்பது, மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது, போலீஸ் கைது செய்தால் என்ன செய்வது என்பதும் பாடம்தான். (கடைசிப் பாடம் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கே தெரியாது!)

‘அப்படியானால் பிள்ளைகள் வேலை செய்வதை ஒப்புக்கொள்வதாகாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளெல்லாம் வெயிலில் அலைந்த பிள்ளைக்கு ராத்திரிப் படிப்பு பாரம்தான். ஆனால், வீட்டு வறுமை தீரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துவிடும்.

இந்தப் பள்ளிகளைக் கண்காணிப்பது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழந்தைகள் நாடாளுமன்றம். கல்வி, சுகாதாரம், எரிசக்திக்கெல்லாம் தனித்தனி மந்திரிகள் உண்டு. ஒருமுறை, காலையில் 20 ஆடுகளை மேய்த்துவந்த 12 வயதுச் சிறுமி பிரதமராக இருந்தார். விருது வாங்க சுவீடன் போனவரைப் பார்த்து, இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று வியந்தார் அந்நாட்டு ராணி. ராணியை நேருக்கு நேர் பார்த்த சிறுமி, தான் பிரதமர் என்பதை அவரிடம் சொல்லிவிடும்படி பங்கர் ராயிடம் கேட்டுக்கொண்டார்.