வண்டி உங்கள் பெயரில், பொறுப்பும் உங்கள் பெயரில்

ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310-இன் என்ஜின் 312.2 சிசி. மகாராஷ்டிரத்தின் சாக்கனிலிருந்து வரும் கே.டி.எம். ஆர்.சி. 390-க்கு 373 சிசி. கல்லூரி வாசலில் அருகருகே நிறுத்தினால் இரண்டும் ஒரே சாதி வண்டிதான். ஆனால் அரசாங்கக் கணக்கில் நடுவே 350 சிசி என்றொரு கோடு ஓடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அந்தப் பக்கம் 40 சதவீதம். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்திலும் அதே கோடு: 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 2,804. இவற்றோடு, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 12 சதவீதம்.

ஷோரூமில் சொல்லும் ‘ஆன்ரோடு’ விலை இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது. அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை. காப்பீட்டை ஷோரூம் காட்டும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; வெளியில் விலை விசாரித்து எடுக்கலாம். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி வந்தால் எதற்காக என்று கேட்டு, எழுத்தில் ரசீது கோரினாலே பல இடங்களில் அந்த வரி காணாமல் போய்விடும். வண்டியின் தயாரிப்பு மாதம் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் அச்சாகும். ஏழெட்டு மாதம் கிடங்கில் கிடந்த வண்டியா, டெஸ்ட் ரைடுக்கு ஓடிய வண்டியா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே சேசிஸ் எண்ணையும் ஓடோமீட்டரையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுவாரமே கை துறுதுறுக்கும். முதலில் சைலன்சர், அடுத்து நம்பர் பிளேட், பிறகு விளக்கு, கடைசியில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்காத பாகமில்லை. கடையில் விற்கிறார்களே, அப்படியானால் மாட்டுவது சட்டப்படி சரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறான புரிதல் இதுதான். விற்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. சாலையில் மாட்டிக்கொள்வது ஓட்டுபவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்வது இது: தயாரிப்பாளர் குறித்த விவரங்களும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களும் வேறுபடும் அளவுக்கு எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் இந்தப் பிரிவை அப்படியே உறுதிசெய்தது. நிறம் மாற்றுவது, அடிப்படை அம்சத்தைத் தொடாத சிறு பொருத்தங்கள் ஆகியவற்றுக்கு இடமுண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் என்பதால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் செய்யும் மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வண்டியில் மூன்று மாற்றம் என்றால் கணக்கு மும்மடங்கு.

சைலன்சருக்குத் தனிக் கணக்கு உண்டு. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு இந்தியாவில் ஒலி வரம்பு 80 டெசிபல். இரைச்சலுக்கும் புகைக்கும் சேர்த்து 190-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் விதிக்க வழிசெய்கிறது. இரைச்சலோடு முடிவதில்லை விஷயம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்டரும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்தே வேலை செய்கின்றன. முழுக் குழாயையும் கழற்றி வேறு மாட்டினால் புகைச் சுத்திகரிப்பு போய்விடும், எரிபொருள் கலவையின் அளவு தவறும், மீட்டரில் என்ஜின் விளக்கு எரியும். அந்த விளக்கை அணைக்க இ.சி.யு.வை ‘ஃபிளாஷ்’ செய்யச் சொல்வார்கள். ஒரு மாற்றம் இன்னொன்றை இழுத்துவரும் இடம் இது. வாரன்டி போவதும் இங்கேதான்.

இந்தப் பட்டியலில் யாரும் பேசாத ஒன்று சாரி கார்டு. ஸ்போர்ட்ஸ் பைக்கின் அழகைக் கெடுக்கிறது என்று முதல் நாளே கழற்றி வீசப்படும் பொருள் அது. மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும்; அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். துப்பட்டாவும் புடவை முந்தானையும் சங்கிலியில் சிக்கிக் கழுத்தும் காலும் போன விபத்துகளை அறியாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. நம்பர் பிளேட்டை இருக்கைக்கு அடியில் மடக்கிவிடும் ‘டெய்ல் டைடி’யும் இதே ரகம்தான். 2019 ஏப்ரல் முதல் விற்ற வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு எண் பலகை கட்டாயம். அதைக் கழற்றி ஃபேன்சி பலகை மாட்ட விதியில் இடமில்லை.

ஏ.பி.எஸ். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டாப்பி அடிப்பவர்களுக்கு என்ன சொல்வது? 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமானதே மழைச்சாலையில் உயிர்போகாமல் இருப்பதற்காகத்தான். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பாலுசெட்டிசத்திரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுக்கு ரத்தானது. அவர் ஓட்டியது இன்னும் பெரிய வண்டி. ஆனால் சட்டம் சிசி பார்த்து வருவதில்லை. உரிமம் பெறும் வயது வராத மகனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு பிரிவு காத்திருக்கிறது. 199ஏ-யின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

அப்படியானால் ஆசைப்பட்டபடி எதையுமே மாற்ற முடியாதா? முடியும். நிறுவனமே தரும் வழிகள் இருக்கின்றன. 2021-இல் டி.வி.எஸ். ‘பில்ட் டு ஆர்டர்’ முறையில், சஸ்பென்ஷனை நாமே திருகிச் சரிசெய்யும் வசதி கொண்ட டைனமிக் கிட், தாழ்ந்த கைப்பிடியும் உயர்ந்த கால்மிதியும் கொண்ட ரேஸ் கிட், நிறம், பந்தய எண் ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. இப்படி வாங்கியது பில்லில் இருக்கும், வாரன்டியில் இருக்கும், காப்பீட்டு மதிப்பிலும் இருக்கும். டேங்க் பேட், லீவர், கிராஷ் புரொடெக்டர், நல்ல டயர் போன்றவற்றில் பெரிய வம்பில்லை. டயரில் மட்டும் நிறுவனம் சொன்ன அளவையே வாங்க வேண்டும். பின்டயரை ஒரு சுற்று அகலமாக்கினால் பார்க்க மிடுக்காக இருக்கும். வளைவில் வண்டி படுக்க மறுக்கும், சங்கிலியில் உரசவும் கூடும். முழு ரேஸ் எக்சாஸ்டும் இ.சி.யு. ட்யூனிங்கும் கட்டாயம் வேண்டும் என்பவருக்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் கோவை செட்டிபாளையத்தின் கரி தடமும் இருக்கின்றன. அந்த வண்டியைத் தனியாக வைத்துக்கொண்டு, வேனில் ஏற்றிக் கொண்டுபோவதே பந்தயக்காரர்களின் வழக்கம்.

இனி காப்பீடு. விபத்தில் வண்டி நொறுங்கினால் சர்வேயர் வருவார். முதலில் பார்ப்பது ஆர்.சி.யில் இல்லாத பாகம் ஏதும் இருக்கிறதா என்பதைத்தான். சொல்லாமல் செய்த மாற்றம் சொந்தச் சேதக் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகலாம். ஆகவே பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். நிராகரித்துவிட்டார்கள் என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. பாலிசி நிபந்தனை மீறப்பட்ட ஒரு வழக்கில், கோரிக்கையை முழுதாகத் தள்ளாமல் 75 சதவீதம் வரை தரலாம் என்ற ‘நான்-ஸ்டாண்டர்ட்’ வழியை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும்.

வெள்ளம் தனி விவகாரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிக் கிடந்த வண்டிகளை, தண்ணீர் வடிந்ததும் பலர் செல்ஃப் அடித்துப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிக் கெட்டதை, வெள்ளத்தால் வந்த சேதமல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கிவிடும். மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பவே கூடாது. போட்டோ எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ வண்டியில் ஏற்ற வேண்டும்.

பழுது பார்ப்பதில் ஒரு நடைமுறை உண்மை: ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு வரும் வண்டிகளில் சிலவற்றின் வியாதி கில் சுவிட்ச் அணைந்திருப்பதுதான். அதையும், சைடு ஸ்டாண்டு சென்சாரையும், கிளட்ச் சுவிட்சையும் பார்த்துவிட்டு பேட்டரிக்குப் போகலாம். நிற்கும்போது சுமார் 12.5 வோல்ட், என்ஜினைச் சற்று முறுக்கினால் 13.5-இலிருந்து 14.5-க்குள் வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் ஸ்டேட்டர் காயிலோ ரெகுலேட்டரோ போயிருக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மீதுதான் சந்தேகம். நல்ல மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், தேவையில்லாமல் புது பேட்டரி வாங்கும் செலவு மிஞ்சும். கூடுதல் விளக்குகள் இங்கேதான் வில்லன். 40 வாட் விளக்கு இரண்டு போட்டால் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டினால் வயர் சூடாகி உருகும். வெட்டிய வயரைப் பார்த்ததும் மின்சாதன வாரன்டியை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். அந்த மாற்றத்துக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பில்லை என்று உரிமையாளர் வாதாடலாம். வாதாடிக்கொண்டிருக்கும் மாதங்களில் வண்டி சர்வீஸ் சென்டர் மூலையில் தூசு படிந்து நிற்கும்.

சூடு ஏறினால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். விசிறி ஓடுகிறதா, அதன் ஃபியூஸ் சரியா, ரேடியேட்டரில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். போர் தண்ணீரை ஊற்றுவது வண்டிக்குச் செய்யும் துரோகம். உப்பு உள்ளே படிந்துவிடும். எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பெட்ரோல் பம்ப் சீக்கிரம் போகும், ஏனென்றால் அதைக் குளிர்விப்பதே டேங்கில் உள்ள பெட்ரோல்தான்.

வாரன்டிக் காலத்தில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் ஆயுதம் ஒன்றே ஒன்று: ஜாப் கார்டு. ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி அனுப்புவது சர்வீஸ் அட்வைசர்களுக்கு வசதி. உரிமையாளர் தன் புகாரைத் தன் சொற்களிலேயே, கிலோமீட்டரோடு எழுதவைத்து நகல் வாங்க வேண்டும். இதே பழுதுக்கு எத்தனை முறை வந்தார் என்பதற்கு நுகர்வோர் ஆணையத்தில் வேறு சாட்சி கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய ஊரில் மட்டுமல்ல, குடியிருக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. தயாரிப்புக் குறை என்று நிரூபிக்க, வண்டியை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்தால் உத்தரவிட முடியும். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிட நீளும்.

பழுது ஒருவருடையதல்ல, அந்த மாடல் முழுவதற்குமானது என்றால் ‘ரீகால்’ இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறை உள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு தயாரிப்பாளருக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அதன் விதிகள் அமலில் உள்ளன. நிறுவனங்கள் தாமாகவும் செய்கின்றன. இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2021 மே மாதம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சோதித்தது. பழைய வண்டி வாங்கியவருக்கும் இந்தச் சலுகை உண்டு. சேசிஸ் எண்ணைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேட்டால் போதும்.

இந்த வகை வண்டிகள் சீக்கிரம் கைமாறுபவை. விற்றவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். வாங்கியவர் பெயர் மாற்றாமல் சுற்றிக்கொண்டிருப்பார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனை தமிழ்நாட்டுக்குள் என்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள். புதுச்சேரிப் பதிவெண்ணில் மலிவாக வந்தால், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதற்கு மறுபதிவும் வரியும் உண்டு என்பதை விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நுகர்வோர் புகாருக்கான தேசிய உதவி எண் 1915. ஆணையத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். ‘அடுத்த சர்வீஸில் பார்த்துவிடலாம் சார்’ என்று அட்வைசர் சொல்லும் நாட்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தே ஓடும்.