அணுவோடு ஒரு வாழ்க்கை – 9: பாங்கியில் எரியும் கோல்

யுரேனியம் மண்ணிலிருந்து எரிபொருளாகும் கதையைச் சென்ற வாரம் முடித்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அணுப்பொருள் பொறியாளராக எங்கே படிப்பது, என்ன வேலை கிடைக்கும் என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் பாங்கியிலுள்ள உலையின் எரிபொருளைப் பார்த்தாக வேண்டும். ஓர் உலையின் பாதுகாப்பைக் கட்டுப்பாட்டு அறையை விட அதிகமாகத் தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் பொருள்தான் என்பதற்கு, கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடைக்கும் சாட்சி அது.

பாங்கியிலிருக்கும், மலேசிய அணுசக்தி முகமையின் புஸ்பாத்தி திரிகா உலையில் 1982 ஜூன் 28 அன்று தொடர்வினை தொடங்கியது. திறன் 1 மெகாவாட். ஆய்வுக்கும் பயிற்சிக்கும் மட்டுமே. இந்த வகை உலை 1956 கோடையில் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் உருவான யோசனை. கட்டுப்பாட்டுக் கோல்களைச் சட்டென்று உருவிவிட்டாலும் உலை தானாக அடங்க வேண்டும் என்றார் இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர். அங்கிருந்த உலோகவியலாளர் மசூத் சிம்னாத் யுரேனியத்தைச் சிர்க்கோனியம் ஹைட்ரைடுடன் கலந்து எரிபொருளாக்கினார். நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ரஜன் இங்கே எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருள் கோல் சூடேறினால் அதனோடு ஹைட்ரஜனும் அந்தக் கணமே சூடேறி, தன்மேல் மோதும் நியூட்ரான்களுக்கு வேகம் கூட்டுகிறது. வேகம் கூடிய நியூட்ரான் யுரேனியத்தைப் பிளப்பது குறைவு. மனிதக் கை படாமலே வினை தணிந்துவிடுகிறது. இந்த வாரம் என்னை வியக்கவைத்தது இதற்கடுத்த செய்தி. மின் உலைகளின் சிர்க்கோனியக் குழாய்களில் இதே ஹைட்ரைடு சேர்ந்தால் குழாய் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். கனடாவின் பிக்கரிங்கில் 1983 ஆகஸ்டில் ஒரு குழாய் அப்படித்தான் வெடித்தது. இதே கேட்டைத் தவிர்க்க, கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் இரண்டு உலைகளிலும் பழைய குழாய்களை மொத்தமாக எடுத்துவிட்டு, நயோபியம் கலந்த சிர்க்கோனியக் குழாய்களைப் பொருத்தினார்கள். ஓரிடத்தில் காவலாக நிற்கும் சேர்மம் இன்னோரிடத்தில் கேடாகிறது. எங்கே, எவ்வளவு, எந்த வெப்பத்தில் என்று கணிப்பதில்தான் அணுப்பொருள் பொறியாளரின் ஆயுள் போகிறது.

1 மெகாவாட் உலையை வைத்து மின் உலையை எடைபோடலாமா என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். பெரிய உலை அணைந்த பிறகும் வெப்பம் விடாது. 2011இல் புக்குஷிமாவில் உலகம் அதைப் பார்த்தது. ஆகவே மின் உலை வேண்டும் என்று வாதிட நான் பாங்கியைக் காட்டவில்லை. மின் உலையே இல்லாத நாட்டில் இந்தப் பொறியாளர்களுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குத்தான் என் பதில். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்கு வந்த வண்டியிலிருந்து இரிடியம்-192 கொண்ட கருவி ஒன்று காணாமல் போனது. உலோகப் பற்றவைப்புகளைச் சோதிக்கும் வகைக் கருவி. கதிரியக்கப் பொருள் நம் நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறது. மின் உலை வேண்டாம் என்று நாடு முடிவெடுத்தாலும், அதைக் காரணத்தோடு சொல்லவும், ஏற்கெனவே இங்கிருப்பதைக் காக்கவும் பொருளறிந்தவர்கள் வேண்டும்.

படிப்பும் வேலையும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. அதற்குள், வீட்டில் எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளை இருந்தால், வேதியியலைக் கைவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.