இடுப்பு வலி: ஓய்வு மட்டும் போதுமா?

இடுப்பு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்த இடத்தில் என்று முதலில் கேட்க வேண்டும். நம் பேச்சில் முதுகின் அடிப்பகுதியும் இடுப்புதான், தொடை எலும்பு வந்து பொருந்தும் மூட்டும் இடுப்புதான். தொடை இடுக்கில் வலித்தால் மூட்டுக்குள் கோளாறு இருக்கலாம். பின்பக்கம் தொடங்கிக் காலுக்கு இறங்கினால் முதுகுத்தண்டு நரம்பு காரணமாகலாம். பக்கவாட்டில், தொட்டால் தட்டுப்படும் எலும்பு மேட்டில் வலித்தால், பிட்டத் தசைகளை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 40 வயதைக் கடந்த பெண்களிடம் பரவலாகக் காணப்படும் இந்த மூன்றாவது வகையையே இங்கு பார்க்கிறோம்.

இந்த வலி உள்ளவர்களால் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மாடிப்படி ஏறும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போதும் வலிக்கும். வீட்டில் உள்ளவர்கள் "பேசாமல் படுத்திருங்கள்" என்பார்கள். சில நாள் வேலையைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் தசை மெலிகிறது, தசைநாண் பலம் இழக்கிறது. பிறகு சிறிது நடந்தாலும் வலி திரும்புகிறது.

ஆய்வு சொல்வது

ஆஸ்திரேலியாவில் இந்த வலி உள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சியும் அன்றாடப் பழக்கங்கள் பற்றிய அறிவுரையும் தரப்பட்டன. இரண்டாம் பிரிவினருக்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. மூன்றாம் பிரிவினர் காத்திருந்தனர். 8 வாரம் கழித்து, நல்ல முன்னேற்றம் என்று சொன்னவர்கள் முறையே 77, 58, 29 சதவீதம். ஓராண்டுக்குப் பின் 79, 58, 52 சதவீதம்.

முதலில் பழக்கங்கள்

கால் மேல் கால் போட்டு உட்காருவது, எடையை ஒரே காலில் போட்டுச் சாய்ந்து நிற்பது, குழந்தையை ஒரு பக்க இடுப்பில் தூக்கிக்கொள்வது ஆகியவை தசைநாணை எலும்போடு அழுத்துகின்றன. இவற்றைக் குறைக்க வேண்டும். தூங்கும்போது வலியில்லாத பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கலாம். வலிக்கும் காலைக் குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சி பலருக்கு வலியைக் கூட்டவே செய்யும்.

பிறகு பயிற்சி

மல்லாந்து படுத்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடைகளைத் துண்டால் கட்டி, இரு கால்களையும் மெதுவாக வெளிப்பக்கம் தள்ளி 10 விநாடி நிறுத்துங்கள். இது பழகியதும், முழங்காலை மடித்துப் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்கலாம். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவது. அதன்பின் தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவது. நடையைச் சமதரையில் 10 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓட்டமும் மேட்டில் ஏறுவதும் கடைசியில்தான்.

பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். அன்றிரவு வலி கூடினாலோ, மறுநாளும் தணியாவிட்டாலோ அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவிட வேண்டாம். பலம் திரும்ப 2, 3 மாதங்கள் ஆகும். இயன்றால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை செய்து காட்டித் தொடருங்கள்.

விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும், காய்ச்சலோடு மூட்டு வலித்தாலும், ஓய்விலும் இரவிலும் வலி விடாமல் இருந்து எடையும் குறைந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தொடை இடுக்கில் வலி வந்தாலும் அப்படியே.

தொழுகையில்

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. எனவே நாற்காலியில் தொழுபவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அவரைக் குறையாகப் பார்ப்பதும் கூடாது. அதே நேரம், இயலாமை எவ்வளவோ அவ்வளவுக்கே சலுகை. அத்தஹிய்யாத் இருப்பு வலித்தால் வலிக்காத விதத்தில் உட்காரலாம். குணமாகி வரும்போது நிலையையும் ருகூவையும் ஸுஜூதையும் ஒவ்வொன்றாக மீட்டெடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சியைத் தினமும் செய்பவருக்கு, ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழுவதும் படிப்படியாக எளிதாகும், இன்ஷா அல்லாஹ்.