சோப்புக்கு முகம் தேடிய கதை

யஷ்வந்தபுரம், பீன்யா பக்கம் மெட்ரோவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ‘சாண்டல் சோப் ஃபேக்டரி’ நிலையம் தெரியாமல் இருக்காது. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1916-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு சோப்புத் தொழிலின் பெயர் அது. அந்த மைசூர் சாண்டல் சோப்புக்கு விளம்பரத் தூதராக 2025 மே மாதம் நடிகை தமன்னா நியமிக்கப்பட்டார். இரண்டு ஆண்டு, இரண்டு நாள் ஒப்பந்தம். தொகை 6 கோடியே 20 லட்சம் ரூபாய். கன்னட நடிகைகள் இத்தனை பேர் இருக்க வெளியார் எதற்கு என்று பெரிய கூச்சல் எழுந்தது.

அப்போது தொழில்துறை அமைச்சர் எம்.பி. பாட்டீல் விளக்கம் சொன்னார். ஆள் நமக்குக் கிடைக்க வேண்டும். போட்டிச் சரக்குக்கு ஒப்பந்தமாகி இருக்கக் கூடாது. சமூக வலைத்தளங்களில் செல்வாக்கு வேண்டும். சரக்குக்கும் அதை வாங்குகிறவர்களுக்கும் பொருந்த வேண்டும். கர்நாடகத்துக்கு வெளியிலும் சோப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அழகும் நடிப்பும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்!

1941-ல் லக்ஸ் சோப்புக்கு லீலா சிட்னிஸ் வந்தபோது சினிமாக் கொட்டகையில் கூடும் கூட்டமே கணக்காக இருந்தது. இன்று கணக்கெல்லாம் கைப்பேசிக்குள். அமைச்சர் சொன்ன அளவுகோல்கள்தான், ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ வீட்டு அடுப்படியில் ரசம் வைத்து யூடியூபில் போடும் பெண்மணிக்கும். தொகை மட்டும் கோடியிலிருந்து ஆயிரத்துக்கு இறங்கிவிடும்.

நம்மவர் பலர் நினைப்பது, ஒரு லட்சம் பேர் பின்தொடர்ந்தால் கம்பெனி தானாகத் தேடி வரும் என்று. விவரம் தெரிந்த கம்பெனி அந்த எண்ணைக் கடைசியில்தான் பார்க்கிறது. முதலில் கேட்பது, பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை. கமர்ஷியல் தெருவில் தீபாவளி வியாபாரம் செய்யும் ஜவுளிக் கடைக்கு மதுரையிலும் சேலத்திலும் இருக்கும் லட்சம் பேரால் என்ன லாபம்? பெங்களூரில் ஐயாயிரம் பேர் பார்த்தால் அதுவே மேல். தமிழில் பேசிப் படம் போடும் நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். இருப்பது இந்த ஊர், பார்ப்பவர்கள் அந்த ஊர். ஆனால் தமிழ்நாட்டில் விற்க நினைக்கும் மசாலாக் கம்பெனிக்கு இதுவே வசதி. ஊர், வயது, ஆண் பெண் விவரம் எல்லாம் யூடியூப், இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே கிடைப்பதால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

அடுத்தது கருத்துரைகள். ‘சூப்பர்’, ‘அருமை’ என்று வரிசையாக இருந்தால் மதிப்புக் குறைவு. ‘அக்கா, புளி எவ்வளவு போட வேண்டும்?’ என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பதிலும் இருந்தால் மதிப்பு அதிகம். அந்தப் பேச்சை நம்பி நாலு பேர் கடைக்குப் போவார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. பணம் கொடுத்துப் பின்தொடர்பவர்களை வாங்குவதும் நடக்கிறது. ஒரே வாரத்தில் எண்ணிக்கை பல ஆயிரம் ஏறி, படங்களைப் பார்ப்பவர்கள் மட்டும் பழைய சில நூறிலேயே நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடன் வாங்கி இந்த வேலை செய்வது போன்ற பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை.

சின்னவர்களுக்குப் பல கம்பெனிகள் காசுக்குப் பதிலாகச் சரக்கையே கொடுக்கின்றன. அதற்கும் வரி உண்டு. ஒரு கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பெற்று, திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால், 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் வந்தது. கைப்பேசியோ மிக்ஸியோ இனாமாக வந்தது என்று சும்மா இருந்துவிட முடியாது.

பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பேசினால், இது விளம்பரம் என்று பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. விளம்பரத்தில் தோன்றுவதற்கே ஓராண்டு தடை போடலாம். ஆகவே நல்ல கம்பெனிகள் பழைய படங்களையும் தோண்டிப் பார்க்கின்றன. நேற்று சூதாட்டச் செயலியைப் புகழ்ந்தவர் இன்று குழந்தைகள் சத்துமாவைப் புகழ்ந்தால் யார் நம்புவார்கள்?

ஒப்பந்தக் காகிதம் வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் படிக்க வேண்டும். ஒன்று, படம் வெளியாகி எத்தனை நாளில் பணம் என்பது. மற்றது, போட்டிச் சரக்கைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை எத்தனை மாதம் என்பது. ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு சாம்பார்ப் பொடிக்காரரிடம் ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த மாதம் பெரிய மசாலாக் கம்பெனி ஐம்பதாயிரத்தோடு வந்து நின்றாலும் வாயைத் திறக்க முடியாது.