ஒரே என்ஜின், இரண்டு பெயர்!
ஓசூரில் பிறந்த மோட்டார் சைக்கிளின் கதை

பெங்களூரில் இருந்து ஓசூருக்கு பஸ்சில் வேலைக்குப் போய் வரும் தமிழர்கள் ஏராளம். அந்த ஓசூரில் தயாரான ஒரு மோட்டார் சைக்கிள், ஜெர்மனிக்கே ஏற்றுமதி ஆனது தெரியுமா?

அதன் பெயர், பி.எம்.டபிள்யூ. "ஜி 310 ஆர்".

2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனமும், டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 500 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளை இருவரும் சேர்ந்து உருவாக்குவது. அவரவர் பெயரில், அவரவர் கடைகளில் விற்பது. இதுதான் ஏற்பாடு.

பெரிய வண்டிகள் செய்வதில் ஜெர்மானியர் கெட்டிக்காரர்கள். சிறிய வண்டியைக் குறைந்த செலவில் செய்வது ஓசூர்க்காரர்களுக்குக் கைவந்த கலை.

பழைய அனுபவம்

டி.வி.எஸ்.சுக்கு வெளிநாட்டுக் கூட்டு புதிதல்ல. 1982-ல் ஜப்பானின் சுசுகியுடன் கைகோத்து, 1984-ல் 100 சி.சி. வண்டியைக் கொண்டு வந்தது. ஆனால் வரைபடம் ஜப்பானுடையது. செய்து கொடுப்பதுதான் இங்கே!

2001-ல் இருவரும் பிரிந்தார்கள். "இனி இவர்கள் என்ன செய்வார்கள்?" என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு "விக்டர்" வந்தது. சொந்த என்ஜினீயர்கள் வடிவமைத்த வண்டி அது. அந்தத் துணிச்சல் இல்லாமல் போயிருந்தால், பின்னாளில் ஜெர்மானியருடன் சரிசமமாக உட்கார்ந்து வரைபடம் போட்டிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

திருப்பி வைத்த என்ஜின்

"புல்லட்"டைப் பாருங்கள். புகைக்குழாய் என்ஜினின் முன்பக்கம் கிளம்பி, வளைந்து பின்னால் போகும். காற்றும் பெட்ரோலும் பின்பக்கம் நுழையும். பெரும்பாலான வண்டிகளில் இப்படித்தான்.

310-ல் எல்லாம் நேர்மாறு! காற்று முன்பக்கம் நுழைகிறது. புகை பின்பக்கமாக வெளியேறுகிறது. சிலிண்டரும் பின்னால் சாய்ந்து நிற்கிறது. இதனால் என்ஜினின் எடை முன்சக்கரத்தின் பக்கம் போகிறது. வண்டியின் நீளமும் அடக்கமாக இருக்கிறது. ஒரே சிலிண்டர், சுமார் 312 சி.சி., 34 குதிரை சக்தி.

இந்த என்ஜினை வைத்து இரண்டு விதமான வண்டிகள் வந்தன. 2017 டிசம்பரில் டி.வி.எஸ்., "அப்பாச்சி ஆர்.ஆர். 310" வண்டியை வெளியிட்டது. ஷோரூம் விலை 2 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய். 2018 ஜூலையில் "ஜி 310 ஆர்" இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை 2 லட்சத்து 99 ஆயிரம்!

என்ஜின் ஒன்று, தொழிற்சாலையும் ஒன்று. பெயருக்கு மட்டும் 94 ஆயிரமா? வாங்க வந்தவர்கள் கணக்குப் போடாமல் இருப்பார்களா?

2020 அக்டோபரில் புதிய "ஜி 310 ஆர்" வந்தபோது, அதன் விலை 2 லட்சத்து 45 ஆயிரமாக இறங்கியிருந்தது.